இரண்டு கரையிலும் பிறந்தவன்

லச்சோவுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்த நாள். மார்ச் ஒன்பது ஒன்று, மார்ச் இருபத்தொன்று இன்னொன்று. இரண்டுக்கும் கோழி அடிப்பான், இரண்டுக்கும் ரம் ஊற்றுவான், இரண்டு நாளும் படகை எடுக்காமல் ஊஞ்சல் வலையில் படுத்துக் கிடப்பான். "எதுய்யா நிஜம்?" என்று யாராவது கேட்டால், "பன்னண்டு நாளா பொறந்துக்கிட்டே இருந்தேன். உடம்பு அவ்வளவு பெருசு!" என்பான். உடம்பு என்னவோ துடுப்புக்கட்டை கனம்தான்.

முழுப்பெயர் லச்மன் மூட்டூ. அறுபத்துமூன்று வயது. கொரன்டைன் ஆற்றங்கரையில், எழுபத்தெட்டாம் நம்பர் கிராமத்தில் கடைசி வீடு அவனுடையது. இக்கரை கயானா, அக்கரை சுரிநாம். சட்டப்படி அக்கரை போக வேண்டுமானால் தெற்கே துறைக்குப் போய், வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக் கப்பல் ஏற வேண்டும். அரை நாள் தொலைந்தது. அக்காள் மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் பூசப் போகிறவளுக்கும் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவனுக்கும் அவ்வளவு பொறுமை ஏது? லச்சோவின் படகில் ஏறினால் இருபத்தைந்து நிமிடத்தில் நிக்கேரி. இதற்குப் பின்வழி என்று பெயர். போலீசுக்கும் தெரியும், போலீசின் மாமியாருக்கும் தெரியும். மாமியார் வாரம் இரண்டு தடவை லச்சோவின் படகில்தான் போய் வருகிறாள்.

ஏறுகிறவர்களுக்கெல்லாம் தன் பிறந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டான் லச்சோ. நடு ஆற்றில் எஞ்சினைக் கொஞ்சம் தணித்து, "இதோ, இந்த இடம்தான்" என்று தண்ணீரைக் காட்டுவான். அம்மாவுக்கு வலி எடுத்ததாம். அப்பா படகில் போட்டு நிக்கேரி ஆஸ்பத்திரிக்குத் துடுப்பு வலித்தாராம். பாதி ஆற்றில் பிள்ளை வெளியே வந்துவிட்டதாம். அப்பாவே தொப்புள்கொடியை மீன் வெட்டுகிற கத்தியால் அறுத்தாராம். "அதனால நான் அந்த நாட்டானும் இல்ல, இந்த நாட்டானும் இல்ல. நான் ஆத்துக்காரன்!" பயணிகள் ஆகா என்பார்கள். மாமியார் மட்டும், "எஞ்சினை முடுக்குடா, இருநூறு தடவை கேட்டாச்சு" என்பாள்.

அந்தக் கதைக்கு அத்தாட்சியாக அவனிடம் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. நிக்கேரியில் கொடுத்தது ஒன்று, இக்கரையில் ஸ்பிரிங்லாண்ட்ஸில் கொடுத்தது ஒன்று. அக்கரையில் பதிந்தால் டின் பால் கிடைக்கும், இக்கரையில் பதிந்தால் கரும்புத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும். அப்போது இரண்டு கரைக்கும் வேறு வேறு வெள்ளைக்காரன் எஜமான். ஒருவன் எழுதுவது இன்னொருவனுக்குத் தெரியாது. எனவே அப்பா இரண்டு இடத்திலும் பதிந்துவிட்டார். இந்த ஊரில் இது ஓர் அதிசயமும் இல்லை. அந்த ஒரு தெருவிலேயே நாலு பேர் இரண்டிரண்டு வைத்திருக்கிறார்கள். நிக்கேரி போலீஸ் பிடித்தால் நிக்கேரிக் காகிதம், ஓட்டுப் போடவும் பாஸ்போர்ட் எடுக்கவும் இக்கரைக் காகிதம். இப்படியே ஐம்பது வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

ஓடாமல் நின்றது துருபதி விஷயத்தில்.

துருபதி லச்சோவின் மனைவி. நியூயார்க்கில் ரிச்மண்ட் ஹில்லில் இருக்கிற அவள் தம்பி, அக்காளையும் அத்தானையும் அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். பதின்மூன்று வருஷம் கழித்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் இவர்கள் இருவர்தான். ஜார்ஜ்டவுனுக்குப் போனார்கள். துருபதி இரண்டு உறை தயார் செய்திருந்தாள், தனக்கொன்று, அவனுக்கொன்று. அவன் உறையில் ஸ்பிரிங்லாண்ட்ஸ் சான்றிதழ் மட்டும்.

அமெரிக்கத் தூதரகத்துக்குப் போன பிறகு பார்த்தால் உறையில் இரண்டு சான்றிதழ். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு தேதி, இரண்டு நாடு. "இதில் எந்த லச்மன் நீங்கள்?" என்று கேட்டார். துருபதிக்கு விசா கிடைத்தது. சில நாள் கழித்து லச்சோவுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எங்கே பிறந்தான், எந்த நாட்டுக் குடிமகன் என்று ஒரு வருஷத்துக்குள் நிரூபிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"ரெண்டா இருந்தா இன்னும் பலம்னு நெனச்சேன்" என்றான் லச்சோ. ஊரே தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் ஊர் நம்பியது. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். துருபதியும் நம்பினாள். "புத்திகெட்ட மனுஷா" என்று விமான நிலையம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். நான் முன்னால போறேன், நீ பேப்பரைச் சரி பண்ணிட்டு வந்து சேரு என்று சொல்லி ஏறிவிட்டாள்.

உண்மை என்ன தெரியுமா? ஜார்ஜ்டவுன் லாட்ஜில் அவள் முகம் கழுவப் போன நேரத்தில், நன்றாகத் தெரிந்தேதான் லச்சோ அந்த இரண்டாவது காகிதத்தை உறைக்குள் சொருகினான். இரண்டும் சேர்ந்தால் விசா கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். அக்கரை இக்கரைப் போலீசோடு வாழ்நாள் பூராவும் புழங்கியவனுக்கு இது தெரியாதா? பயம். வேறொன்றும் இல்லை, வெறும் பயம். வரமாட்டேன் என்று பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. காகிதத்தைச் சொல்ல விட்டான், கோழை.

அவள் போன மூன்றாம் நாளே செய்தது தப்பு என்று புரிந்துவிட்டது. வீடு கடித்தது. ரொட்டி சுட்டால் கருகியது. யாரிடம் சண்டை போடுவது என்று தெரியவில்லை. அப்போதாவது அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் போக வேண்டுமே! பிஸ்கட் டின்னில் வைத்து மூடினான். ஒரு வருஷக் கெடு முடிந்தது. அவள் போனதிலிருந்து ஆறு வருஷமாக தினமும் காலை ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள், பதினைந்து நிமிடம் பேசுவார்கள். பேப்பர் என்னாச்சு என்பாள். ஆபீசுல இழுத்தடிக்கிறாங்க என்பான். கோயிலில் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வாள். இவன் வேறு பேச்சுக்குத் தாவுவான்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"யோவ் லச்சோ, நேத்து சத்தியப் பிரமாணம் எடுத்தாச்சு. நான் இப்ப சிட்டிசன்."

"அடேயப்பா! கொடி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க, சின்னது. அதை விடு. இனிமே தம்பி தயவு வேண்டாம், நானே உனக்கு ஸ்பான்சர். ஃபாரம் அனுப்பறேன். உன் பக்கத்தை மிஸ் யூலாகிட்ட குடுத்து ஒழுங்கா எழுதிக்கிட்டு அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டு தாக்கல் பண்றேன்."

"சரி துரூ, பாக்கலாம்..."

"பாக்கலாம் கீக்கலாம் எல்லாம் கெடையாது. எங்க பொறந்தே, எந்த நாட்டுக்காரன், ரெண்டே கேள்வி. அதுக்கு இந்தத் தடவையும் உளறினேன்னா மூணாவது தடவை நான் செய்யமாட்டேன். எனக்கும் அறுபது ஆச்சு. நீ அங்கேயே இரு, நான் இங்கேயே இருக்கேன். சொல்லிட்டேன்."

துருபதி சொன்னால் சொன்னதுதான். ஃபாரம் வந்த அன்றே லச்சோ ஒரு கோர்வை ஹஸ்ஸா மீனைத் தூக்கிக்கொண்டு மிஸ் யூலா வீட்டுக்கு நடந்தான்.

மிஸ் யூலா தபாலாபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிற தூண்களுக்கு நடுவே மேஜை போட்டு, மேலே மின்விசிறி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கறுப்பு மைப் பேனா தவிர வேறு தொடமாட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் போன பாதிப் பேர் அவள் மேஜை வழியாகப் போனவர்கள். ஒரு கட்டம் காலியாக விட்டாலும் மனுத் திரும்பி வரும் என்பாள். அவள் எழுதியது எதுவும் திரும்பி வந்ததில்லை.

"பேரு?"

"லச்சோ."

"உங்கம்மா வெச்ச பேரு."

"லச்மன் மூட்டூ."

"பொறந்த தேதி?"

லச்சோ தொண்டையைச் செருமினான். "எது வேணும் மிஸ்?"

"எது வேணுமா? என்னய்யா இது, மார்க்கெட்டா? பொறுக்கி எடுக்கச் சொல்றே?"

அவன் இரண்டு சான்றிதழ்களையும் மேஜையில் வைத்தான். மிஸ் யூலா கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். அவள் ஆச்சரியப்படவில்லை, அந்த மேஜை எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுல எது நெசம்?"

"ரெண்டும் அப்பா பதிஞ்சதுதான். நெசமாப் பொறந்தது ஆத்துல, மிஸ். நடு ஆத்துல, படகுல..."

"தெரியும், தெரியும். உன் படகுல நானும் ஏறியிருக்கேன். பொறந்த நாடுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கான். ஆறுன்னு எழுதவா? மீன்னு நெனச்சு விசா குடுப்பான்."

"அதுதான் மிஸ் எனக்கும் குழப்பம். அக்கரைன்னு எழுதினா அந்த நாட்டுக்காரன் ஆயிடுவேன். அப்புறம் கயானா பாஸ்போர்ட்டு எப்படி வந்துச்சுன்னு கேப்பான். இக்கரைன்னு எழுதினா அந்த ஆஸ்பத்திரிப் பேப்பரை என்ன பண்றது? ஏற்கெனவே பாத்துட்டானே."

"அக்கரைன்னு எழுதினா அந்த நாட்டுக்காரன் ஆயிடுவேன்னு எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும்!" என்று மிஸ் யூலா மேஜையைத் தட்டினாள். "இதைத்தான் முப்பது வருஷமா கத்திக்கிட்டிருக்கேன். பொறந்த நாடு ஒரு கட்டம். குடியுரிமை வேற கட்டம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா எதுக்குய்யா ரெண்டு கட்டம் போடறான், மை ரொம்ப இருக்குன்னா? உங்கப்பன் எங்க பொறந்தான்?"

"இக்கரையில, ஸ்கெல்டன் தோட்டத்துல."

"உங்கம்மாவை மூங்கில் பந்தல்ல மட்டும் கட்டினானா, ஆபீசுலயும் பதிஞ்சானா?"

"பதிஞ்ச பேப்பர் இருக்கு."

"முடிஞ்சு போச்சு. நீ வெளிநாட்டுல பொறந்தாலும், சந்திரன்லயே பொறந்தாலும், அப்பன் வழியில கயானாக்காரன். குடியுரிமைக்கு கயானான்னு எழுதறேன், அதுல சந்தேகமே இல்ல. பொறந்த இடத்துக்குத்தான் எனக்கு உண்மை வேணும். நீ பொறந்தப்ப கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

இவ்வளவுதானா? ஐம்பது வருஷமாகத் தலையில் சுமந்தது இவ்வளவுதானா என்று லச்சோவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவனுடைய பெரிய சிக்கலை இந்தக் கிழவி இரண்டு கேள்வியில் அவிழ்த்துவிட்டாளே!

"அக்கா இருக்கா" என்றான். "நிக்கேரியில. படகுல கூட இருந்தவ."

"போய் எழுதி வாங்கிட்டு வா."

மறுநாள் காலையே போனான். அக்காள் சுக்கியாவுக்கு எழுபத்தொன்று. அடுப்படியில் உளுந்து பாரா என்கிற வடை சுட்டுக்கொண்டிருந்தாள். தம்பி விஷயத்தைச் சொன்னதும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முந்தியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னக்கா?"

"டேய் தம்பி, நீ ஆத்துல பொறக்கலடா. ஆஸ்பத்திரியில பொறந்தே. இதோ, இந்த ரோடு திரும்பினா வருமே, அதே ஆஸ்பத்திரி. நான் வராந்தாவுல உக்காந்து மிட்டாய் சப்பிக்கிட்டிருந்தேன். நர்ஸ் குடுத்த மிட்டாய், பச்சைக் கலர். உள்ள நீ கத்தினே."

"அப்பா கொடியை அறுத்தாருன்னு..."

"அப்பாவா? அப்பா அன்னிக்கு இங்கேயே இல்லடா! கயானாக் கரையில ரம் கடையில கெடந்தாரு. அம்மாவைப் படகேத்திக் கூட்டியாந்தது பக்கத்து வீட்டுக்காரன். அப்பா ரெண்டு நாள் கழிச்சு, கண்ணெல்லாம் செவந்து வந்து நின்னாரு. அம்மா மூஞ்சியே பாக்கல. அப்புறம் ஊருக்குப் போனதும் நாலு பேர் கேப்பாங்களே, வெக்கம். அதுக்குத்தான் அந்தக் கதை. படகாம், கத்தியாம்! பன்னண்டு நாள் கழிச்சு ஊர் திரும்பினப்ப, இன்னிக்குத்தான் பொறந்துச்சுன்னு அங்க பதிஞ்சுட்டாரு. இல்லேன்னா ஏன் இத்தனை நாள் பதியலன்னு கேள்வி கேப்பான்ல?"

லச்சோ அப்படியே உட்கார்ந்துவிட்டான். அறுபத்துமூன்று வருஷம்! எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பான்! எந்தத் தண்ணீரைக் காட்டி இதுதான் என் ஊர் என்று மார்தட்டினானோ அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு சாதாரண ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லாரையும் போலப் பிறந்திருக்கிறான்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"நீ அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. கெடுப்பானேன்?" சுக்கியா ஒரு பாராவைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். "துருபதிகிட்டயும் இதே கதைதான் சொன்னியா? ஆத்துல பொறந்தவன்னு?"

"சொன்னேன்" என்றான். பாராவைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

அக்காளிடம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினான். படகில் ஒன்பது பேர் இருந்தார்கள். நடு ஆறு வந்தபோது அவன் எஞ்சினைத் தணிக்கவில்லை. போலீசின் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

மிஸ் யூலாவின் மேஜைக்கு எதிரே மீண்டும் உட்கார்ந்தபோது வேலை மளமளவென்று நடந்தது. பிறந்த தேதி மார்ச் ஒன்பது. பிறந்த நாடு சுரிநாம். குடியுரிமை கயானா. வேறு பிறந்த தேதி பயன்படுத்தியதுண்டா? உண்டு, மார்ச் இருபத்தொன்று, காரணம் தனித்தாளில். பிறகு ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"கடைசி அஞ்சு வருஷத்துல வெளிநாடு போனதுண்டா?"

"உண்டு."

"எத்தனை தடவை?"

"ஒரு நாளைக்கு நாலுன்னு வெச்சா..." லச்சோ விரல் விட ஆரம்பித்தான்.

"பாஸ்போர்ட்டைக் காட்டு." புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. "ஒரு முத்திரை இல்ல! பிரசிடெண்டு கூட இவ்வளவு வெளிநாடு போனதில்ல, இவன் பாஸ்போர்ட்டு பால் மாதிரி இருக்கு! தொழில் நிமித்தம் தினமும் போய் வருவேன்னு எழுதறேன். விசாரிச்சா நீயே பதில் சொல்லிக்க. பொய் மட்டும் எழுதமாட்டேன்."

"எழுதுங்க மிஸ்."

அடுத்த கேள்வி வந்தது. முன்பு மனுச் செய்ததுண்டா? முடிவு என்ன? பதில் அனுப்பாததற்குக் காரணம் என்ன?

லச்சோ தூணைப் பார்த்தான், விசிறியைப் பார்த்தான், தெருவில் போகிற ஆட்டைப் பார்த்தான்.

"கடிதம் தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிடுங்க."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்கும். மிஸ் யூலா எழுந்தே நின்றுவிட்டாள்.

"தபால்லயா? தபால்லயா தொலைஞ்சுது? முப்பது வருஷத்துல என் ஆபீசுல ஒரு கார்டு தொலைஞ்சதில்ல! அந்தக் கடிதத்தை உன் கையில குடுத்தது யாரு? இப்பத் தபால்காரனா இருக்கற என் தங்கச்சி மகன். எந்திரி, உன் மீனையும் எடுத்துக்க!"

"மிஸ், மிஸ், உக்காருங்க. மன்னிச்சிக்குங்க. சொல்லிடறேன்."

சொன்னான். லாட்ஜ், உறை, இரண்டாவது காகிதம், பிஸ்கட் டின் எல்லாம் சொன்னான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறான். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மிஸ் யூலா திட்டவில்லை. அதுதான் மோசம். "இதை எழுதித்தான் ஆகணும்" என்றாள். "அவங்க ரெக்கார்டுல ரெண்டு பேப்பரும் இருக்கு. காரணம் சொல்லாம விட்டா திரும்பவும் ஓரம் கட்டுவான். ஆனா தாக்கல் பண்றது உன் பொண்டாட்டி. ஒவ்வொரு தாளையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அவ படிப்பா."

"படிச்சா கையெழுத்துப் போடமாட்டா."

"போடாமலும் இருக்கலாம்."

"எழுதலேன்னா விசா கெடைக்காது. எழுதினா பொண்டாட்டி கெடைக்கமாட்டா."

"கணக்குச் சரிதான்" என்றாள் மிஸ் யூலா. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "இதை நான் எழுதமாட்டேன். உன் கையால எழுது."

லச்சோ ஒரு பகல் முழுக்க எழுதினான். மூன்று தாள் கிழிந்தது. கடைசியில் நின்றது ஏழு வரி. வேண்டுமென்றேதான் இரண்டாவது சான்றிதழை வைத்தேன். என் மனைவிக்குத் தெரியாது. புது ஊருக்குப் போகப் பயந்தேன். அதைச் சொல்லவும் பயந்தேன். கடிதம் வந்தது, பதில் போடவில்லை. அவள் இல்லாமல் ஆறு வருஷம் இருந்து பார்த்துவிட்டேன். இனிமேல் இருக்க முடியாது. கீழே கையெழுத்து, தேதி. மிஸ் யூலா படித்துப் பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, "எழுத்துப் பிழை ரெண்டு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். தானே உறையில் போட்டு ஒட்டினாள். இவனை நம்பவில்லை.

கூரியர் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் காலை ஆறு மணிக்கு அவள் கூப்பிட்டாள், பெண்களைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினாள். பத்தாம் நாள் ஃபோன் வரவில்லை. பதினொன்றாம் நாளும் வரவில்லை. இவன் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் லச்சோ வாழைக்காயை உரிக்காமலே வேகப் போட்டான். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லையே! முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டான். மனசு விட்டுப் போய்விட்டது. தனக்கு வேண்டியதுதான் என்று தன்னையே வைதுகொண்டான்.

பதின்மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணி. கடல் ஏற்றத்தில் ஆற்றில் நிறை தண்ணீர். படகில் பதினொரு பேர் ஏறியாயிற்று, போலீசின் மாமியார் வழக்கம்போல முன் பலகையில். எஞ்சின் கயிற்றை இழுக்கக் கை வைத்தான், சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"படிச்சேன்" என்றாள் துருபதி.

அவன் கயிற்றை விட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான்.

"ரெண்டு நாள்ல பத்துத் தடவை படிச்சேன். ஆறு வருஷம், லச்சோ. உன் பேப்பர் சரியாகணும்னு வெள்ளிக்கிழமை தவறாம விரதம் இருந்தேன். தெரியுமா உனக்கு? வெள்ளிக்கிழமை எனக்கு ரெண்டு வீட்டு வேலை. பட்டினியோட ரெண்டு வீடு பெருக்கினேன்."

"தப்புத்தான் துரூ. தப்புத்தான்."

"என்ன பயம் உனக்கு? அதைச் சொல்லு."

படகில் பதினொரு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் பார்க்கவில்லை. "இங்க தெருவுல இறங்கினா லச்சோ லச்சோன்னு நாய் கூட கூப்பிடுது. அங்க வந்தா நான் யாரு? ஜன்னலோரம் உக்காந்து ரோட்டைப் பாக்கற ஒரு கெழவன்."

அவள் பேசியபோது அது திட்டுகிற குரல் இல்லை.

"நான் இங்க வந்தப்ப யாரா இருந்தேன்? நான் பாத்துக்கிட்ட ஒரு பாட்டியம்மா ரெண்டு வருஷம் என்னை வேற எவளோ பேரு சொல்லிக் கூப்பிட்டா. நானும் என்னம்மான்னு போய் நின்னேன். காலையில ஆறு மணிக்கு நீ துரூன்னு சொல்லுவே. அந்த ஒரு தடவைதான்யா அன்னன்னிக்கு என் பேரு என் காதுல விழும். அதுக்காகத்தான் ஒரு நாள் விடாம கூப்பிட்டேன். நீ என்னடான்னா நீ யாருன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கே."

லச்சோ அழுதான். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"கையெழுத்துப் போட்டு நேத்தே அனுப்பிட்டேன்" என்றாள். "கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதே. போகல. பாதிதான் திட்டியிருக்கேன், மீதி நேர்ல. இப்ப எங்க இருக்கே?"

"படகுல. ஆள் ஏத்திட்டேன், பதினொரு பேரு."

"எறக்கி விடு. மூணு நாளா நான் யார்கூடவும் பேசல. நீ பேசு."

லச்சோ எழுந்து நின்று, "எல்லாரும் இறங்குங்க" என்றான்.

"டேய், தண்ணி இறங்கிக்கிட்டு இருக்குடா! இப்பத் தவற விட்டா சாயங்காலம்தான்!"

"பல்லு வலிக்குதுய்யா எனக்கு!"

"இறங்குங்கன்னா இறங்குங்க. பக்கத்துல ராஜோ படகு நிக்குது, அதுல போங்க."

போலீசின் மாமியார்தான் முதலில் எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, "வாங்கடி, பொண்டாட்டிகூட பேசட்டும்" என்று மற்றவர்களை அதட்டி இறக்கினாள். பல் வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வைதுகொண்டே போனான். லச்சோ பலகையில் சாய்ந்து உட்கார்ந்து பேசினான். ஆறு வருஷம் சொல்லாததையெல்லாம் பேசினான். தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் தட்டி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவன் அப்போதும் பேசிக்கொண்டிருந்தான்.